துண்டும் நேர்முகமும்

இலங்கைத் தமிழ்ப் பேச்சிலே 'துண்டு' என்னுஞ் சொல்லுக்கு வேலை அதிகம். ஆசுப்பத்திரியிலே மருந்து வாங்கத் துண்டு. சங்கக் கடையிலே சாமான் வாங்கத் துண்டு. வட்டிக்குப் பணம் கொடுத்தவன் பெட்டியிலே பூட்டி வைத்திருப்பதும் துண்டு. இவை சிறு துண்டுகள். நம் நாட்டு இளைஞனின் வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாயிருந்த பெருந்துண்டு வேறொன்று. இன்னாருக்கு உத்தியோகம் கொடுக்குமாறு பெரிய மனிதர் ஒருவர் மற்றொரு பெரிய மனிதருக்கு எழுதும் துண்டே அது.

சில நாட்களுக்கு முன், என்னிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். எழுத்துப் பரீட்சையிலே சித்தியெய்தி, நேர்முகப் பரீட்சைக்கு அழைப்புப் பெற்றிருந்தான். என்ன கேட்பார்கள், எவ்வாறு விடையிறுப்பது என்று ஆலோசனை கேட்க வந்தானென்றே முதலில் எண்ணினேன். நெடுநேரம் அதுபற்றியே பேசினோம். விடைபெறும் வேளையிலே வாசற்படியில் நின்றுகொண்டு, "சேர், அந்த போர்ட்டில இருக்கிற ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் முகத்திலே ஏமாற்றம் இருக்கவில்லை. எதிர்பார்த்திருந்த விடையையே கேட்டவன் போலத் தலையசைத்துவிட்டுப் போனான். அந்தக் கேள்விக்கு வயதென்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மை ஆண்டவர்களின் நாட்டிலிருந்தே தொடங்குவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 24 பேர். இந்தியாவிலுள்ள கம்பெனி உத்தியோகங்களுக்கு இளைஞரை நியமிக்கும் உரிமை, ஆண்டுதோறும் இவர்களுக்கிடையே பங்கிடப்பட்டது. ஓர் இயக்குநரின் மருமகனாகவோ நண்பரின் மகனாகவோ பிறப்பதே தகுதி. இந்நியமனங்கள் பணத்துக்கும் கைமாறின என்னுங் குற்றச்சாட்டு 1809ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்ற விசாரணை வரை சென்றது. 1806ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹெய்லிபரிக் கம்பெனிக் கல்லூரியும் நியமனம் பெற்றோரைப் பயிற்றியதேயன்றி, நியமிக்கும் உரிமையைத் தொடவில்லை. துண்டு முன்னே போயிற்று. படிப்புப் பின்னே வந்தது.

இலண்டன் அரசாங்கக் கந்தோர்களின் நிலையும் இதுவே. இதற்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தனி துரொலொப் தமது சுயசரிதையிலே தந்துள்ள சாட்சியம் சுவையானது. 1834ஆம் ஆண்டு, 19 வயதிலே, அவர் தபாற்கந்தோரில் இலிகிதராகச் சேர்ந்தார். தாயாரின் சிநேகிதி ஒருவரின் மாமனாரே அக்கந்தோரின் தலைவர். வேறு தகுதி தேவைப்படவில்லை. சம்பிரதாயத்துக்காக ஒரு பரீட்சை வைத்தனர். பழைய இறகுப் பேனாவொன்றைக் கொடுத்துச் செய்தித்தாளிலிருந்து சில வரிகளைப் பிரதி பண்ணச் சொன்னார்கள். மை சிந்திற்று, எழுத்துப் பிழைகளும் நேர்ந்தன. 'நாளை இதனினும் நல்ல கையெழுத்துக் கொண்டு வா. கணக்கிலும் பரீட்சிப்போம்' என்றனுப்பினர். மறுநாள் அவர் அழகாக எழுதி எடுத்துச் சென்றார். அதனை ஒருவரும் கேட்கவில்லை. கணக்குப் பரீட்சையும் நடக்கவில்லை. மேசையொன்றின் முன் இருத்தி வேலை தொடங்கச் சொல்லிவிட்டார்கள். போட்டிப் பரீட்சை பற்றிய பேச்சு எழுந்த பின்னர், தாம் வெளியிட்ட 'மூன்று இலிகிதர்கள்' என்னும் நாவலில் இவர் பரீட்சை முறையைக் கேலி செய்தார் என்பதையும் வாசகர் அறிதல் நன்று.

இதே நூற்றாண்டிலே இலங்கை மலைநாட்டிலும் வேலை தேடுவோர் கையில் ஒரு தாள் இருந்தது. அதன் பெயரே 'துண்டு'. வெள்ளைத் துரைமார் தம் அறிக்கைகளிலும் சட்டங்களிலும் இத்தமிழ்ச் சொல்லை மொழிபெயர்க்காது அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதினர்.

இதன் இயக்கத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தவன் கங்காணி. பெரும்பாலும் தன் உறவினரையும் ஊரவரையுமே அவன் அழைத்து வந்தான். அதற்குத் தோட்டத்துரை அவனுக்கு முற்பணம் கொடுத்தான். வழிச்செலவு, சோறு, கம்பளி முதலிய யாவும் தொழிலாளியின் பெயரிலே கடனாக ஏறின. தோட்டத்திலே காலடி வைக்கு முன்னரே அவன் கடனாளி. பின்னர், அக்கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரையிடமிருந்து துண்டு பெறல் வேண்டும். இத்தனை ரூபா தந்தால் இக்கங்காணியையும் இத்தனை ஆட்களையும் விடுவிப்பேன் என்பதே அதன் சாரம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந் தோட்டமாகச் செல்வான். ஆட்கள் தேவைப்படும் துரை அத்தொகையைக் கட்டி அவர்களை ஏற்றுக்கொள்வான். கட்டிய தொகை அழிந்துவிடுவதில்லை. புதுத் தோட்டத்துக் கணக்கிலே பழைய ஆட்களின் தலையிலேயே மீண்டும் ஏறும். ஆட்களுக்குத் தட்டுப்பாடு மிகுந்த காலங்களில் துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்டு முற்பணத்தை உயர்த்தினர். தொழிலாளிக்குத் தேவை கூடியபோது அவன் கூலி உயரவேண்டியது பொருளியல் நியதியென்பர். இங்கே உயர்ந்தது அவனுடைய கடன்.

இலண்டனிலே துரொலொப்பின் குடும்பத்துக்காகப் பேசப்பட்ட ஒரு சொல் அவருக்குக் கதவைத் திறந்தது. மலைநாட்டிலே எழுதப்பட்ட துண்டோ ஒரு மனிதனின் விலையைச் சொல்லிற்று. முன்னது இவனை எடுத்துக்கொள் என்கிறது. பின்னது இவனுக்கு இவ்வளவு கொடு என்கிறது. சிபாரிசுக் கடிதத்தின் வரலாற்றை எழுதியோர் முன்னதையே எழுதினர். உழைப்பவன் கையிலிருந்த தாளை அவர்கள் சிபாரிசு என்று கணக்கெடுக்கவில்லை.

நிற்க, இங்கிலாந்திலே கைத்தொழில் முதலாளித்துவம் வளர வளர, பிரபுக்களின் மருமக்களைக் கொண்டு பேரரசை நிர்வகித்தல் இயலாதென்பது புதிய மத்தியதர வர்க்கத்துக்குப் புலனாயிற்று. 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனி இயக்குநரின் நியமன உரிமையைப் பறித்தது. 1854இல் மெக்காலே தலைமையிலான குழுவின் அறிக்கையும், அதே ஆண்டில் நோர்த்கோட், திரெவெலியன் ஆகியோரின் அறிக்கையும் போட்டிப் பரீட்சையை வற்புறுத்தின. இந்திய சிவில் சேவைக்கான பகிரங்கப் பரீட்சை 1855இலே தொடங்கிற்று. பிரித்தானிய உள்நாட்டுச் சேவையின் பெரும்பகுதி 1870இலேதான் திறந்துவிடப்பட்டது. சீன தேசத்துப் பரீட்சை முறையை இங்கே கொண்டுவருகிறார்களென்று பழமை பேணிகள் ஏளனஞ் செய்தனர். ஏளனத்தில் உண்மையும் இருந்தது.

பரீட்சை ஒரு முற்போக்கான வெற்றியே. இதைக் கூறத் தயங்கவேண்டியதில்லை. பெயரறியாத விடைத்தாளின் முன்னே தந்தையின் பெயர் செல்லாக்காசு. ஆயின் கதவைத் திறந்தவர்களே வாசற்படியை உயர்த்தும் வித்தையையும் அறிந்திருந்தனர். இந்திய சிவில் சேவைப் பரீட்சை 1922 வரை இலண்டனிலே மாத்திரம் நடைபெற்றது. சத்தியேந்திரநாத் தாகூர் 1863இலே சித்தியெய்தி வழிகாட்டிய பின்னர் இந்திய இளைஞர் சிலர் துணிந்து கடல் கடந்தனர். அதன்பின் 1878 முதல் வயதெல்லை 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. 19 வயதுக்குள் இலண்டன் சென்று, அந்நிய மொழியிலே, அந்நியரோடு போட்டியிடல் வேண்டும். எழுத்திலே தப்பியவனையும் குதிரை காத்திருந்தது. 1890இலே பரீட்சையிற் சித்தியெய்திய அரவிந்த கோஷ், குதிரையேற்றத்தில் தேறாமையால் 1892இலே விலக்கப்பட்டார். அவர் வேண்டுமென்றே தவறவிட்டாரென்பது வேறு கதை.

பரீட்சையோடு கூடவே 'ஆயத்தஞ் செய்தல்' என்னும் வியாபாரமும் பிறந்தது. இலண்டனில் வோல்ட்டர் ரென் என்பவர் நடத்திய பயிற்சி நிலையம் சிவில் சேவை அபேட்சகரைத் தயாரிப்பதற்குப் பேர்போனது. சிபாரிசுக்குக் கொடுத்த பணம் இப்பொழுது பயிற்சிக்குக் கொடுக்கப்பட்டது. இன்றைய தனியார் கல்வி நிலையங்களின் பாட்டனார் அவர்.

இலங்கைச் சிவில் சேவைக்கு இலண்டன் போட்டிப் பரீட்சை மூலம் 1875இலே பிரவேசித்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பத்திற் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கற்றவர். அவருக்குத் திறந்த கதவு வன்னியின் ஏழை விவசாயி மகனுக்குத் திறந்ததாகாது. எனினும் பின்னாளிலே, 1919ஐ அடுத்த ஆண்டுகளில், தோட்டத் தொழிலாளர் நலனுக்காகச் சங்கம் அமைத்து, வேலையை விட்டு விலகுவோரைச் சிறைக்கனுப்பிய சட்டங்களை எதிர்த்துப் பேசியவரும் அவரே. தோட்டத் துண்டு 1921இலே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. துண்டின்றிப் பரீட்சையால் உயர்ந்த ஒருவர், துண்டினாற் கட்டுண்டோரின் பக்கம் நின்றார் என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. அவருடைய அரசியலை மாத்திரஞ் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன.

யாழ்ப்பாணத்திலோ பரீட்சை ஒரு விவசாயமாயிற்று. நிலம் வரண்டது, மிஷன் பாடசாலைகள் நிறைந்தது. ஆங்கிலங் கற்று இலிகிதராவதே மழையை நம்பாத பயிர். கொழும்பிலும் மலாயாவிலும் பணிபுரிந்தோர் அனுப்பிய மணியோடரிலே கல்வீடுகள் எழுந்தன. மலாயாவுக்குப் போன கதையிலே துண்டின் இன்னொரு வடிவத்தைக் காண்கிறோம். ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் முன்னர் போய் அமர்ந்தவர், இடம் வெறிதானபோது ஊருக்குக் கடிதம் எழுதுவார். தம்பியோ மைத்துனனோ பக்கத்து வீட்டுப் பையனோ கப்பலேறுவான். அண்ணர் வீட்டுத் திண்ணையிலே படுத்து, மேலதிகாரி முன் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவதென்று அவரிடமே கற்றுக்கொள்வான். இதையும் சிபாரிசென்று கண்டித்துவிடலாமா? அந்நிய நாட்டிலே ஆதரவற்றவர் ஒருவருக்கொருவர் கொடுத்த கை இது. ஆயினும் அக்கை எல்லோர் பக்கமும் நீளவில்லை. எந்தச் சாதியார் பாடசாலை வாங்கிலே அமர முடிந்ததோ, அவருக்கே அக்கடிதம் வந்தது. 1930ஐ அண்டிய ஆண்டுகளிலே, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்ந்து கற்க வேண்டுமென விதித்தபோது பாடசாலைகள் சில எரியூட்டப்பட்ட ஊர் இது. தரையிலே இருத்தப்பட்ட பிள்ளைக்கு இலிகிதர் பரீட்சை எங்கே? மலாயாக் கடிதந்தான் எங்கே?

இனி நேர்முகத்துக்கு வருவோம். எழுத்துப் பரீட்சை குடிப்பிறப்பை மறைத்துவிட்டதே என்று கவலைப்பட்டவர்கள் அதைக் கண்ணால் காண ஒரு வழி தேடினர். அவ்வழியைக் கலையாகவே வளர்த்தவர் சேர் ரால்ஃப் ஃபர்ஸ். 1910 முதல் 1948 வரை, இடையிலே போர்க்காலம் நீங்கலாக, பிரித்தானியக் குடியேற்ற நாட்டுக் கந்தோரில் ஆட்சேர்ப்பை நடத்தியவர் அவர். ஈட்டனிலும் ஒக்ஸ்போர்டிலும் கற்றவர். இலங்கைக்கு வந்த லெனாட் வூல்ஃப் போன்றோர் எழுத்துப் பரீட்சையின் பட்டியல்வழி வந்தனர். ஆபிரிக்காவுக்குச் சென்ற நிர்வாகிகளோ பெரும்பாலும் ஃபர்ஸின் நேர்முகத்தின் வழி சென்றனர். கல்லூரி ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் அந்தரங்கமாக அபிப்பிராயம் பெறப்படும். பின்னர் அபேட்சகன் அழைக்கப்படுவான். உரையாடல் விளையாட்டைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் நிகழலாம். அவன் கை குலுக்கும் விதம், பார்வையின் நேர்மை, உதட்டின் அமைவு முதலியன கொண்டு அவனது உறுதியை அளக்கலாமென்று தெரிவாளருக்கு இரகசியக் குறிப்புகள் கூறின. 1930இலே ஃபிஷர் குழு இம்முறையை ஆராய்ந்து, மந்திரியின் தனியுரிமை என்னும் பெயரை நீக்கிச் சபையொன்றை அமைக்கச் செய்தது. நேர்முகம் மாறவில்லை; அதனை நடத்திய ஃபர்ஸும் மாறவில்லை.

இதன் சூட்சுமம் யாது? துண்டிலே எழுதப்படுவதெல்லாம் நேர்முகத்திலே உடம்பில் எழுதப்பட்டிருக்கும். உச்சரிப்பு, உடை, கதிரையிலே அமரும் முறை, 'சேர்' என்று எத்தனை தரஞ் சொல்வது, எப்பொழுது சொல்லாது விடுவது ஆகிய இவற்றைப் பணக்கார வீட்டுப் பிள்ளை தாயின் மடியிலே கற்கிறான். மற்றவன் இரண்டு மாலைகளில் கற்க முயல்கிறான்.

நேர்முகம் குணத்தை அளக்கிறதென்பாருக்கு 1930களில் இங்கிலாந்திலே நடந்த ஒரு சோதனையை நினைவூட்டலாம். ஹார்டொக், ரோட்ஸ் ஆகியோர் வெளியிட்ட பரீட்சைகள் பற்றிய ஆய்விலே அது விவரிக்கப்பட்டுள்ளது. 16 அபேட்சகர், இரண்டு சபைகள், ஒவ்வொரு சபையும் அதே 16 பேரையும் தனித்தனி கண்டு, சிவில் சேவை நேர்முகத்தில் உள்ளவாறே 300 புள்ளிகளுக்கு மதிப்பிட்டது. ஒரு சபை முதலாம் இடத்திலே வைத்தவனை மற்றச் சபை 13ஆம் இடத்திலே வைத்தது. அனுபவமிக்க பெரியோர்கள், நேர்மையாக, எவருடைய துண்டும் இன்றிச் செய்த மதிப்பீடு இது. துண்டும் வந்து சேர்ந்தால் என்னாகுமென்பதை நாம் வேறிடத்திலே தேடவேண்டியதில்லை.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இலே அமைந்த அரசாங்க சேவை ஆணைக்குழு, தேசாதிபதிக்கு ஆலோசனை கூறும் அளவிலே நின்றது. சோல்பரி அரசியலமைப்பு 1947இலே அதனைச் சுதந்திரமாக்கிற்று. ஆணைக்குழுவின் முடிவுகளிலே செல்வாக்குச் செலுத்த முயல்வது குற்றமென்றே விதித்தது. சர்வஜன வாக்குரிமை பெற்ற நாட்டிலே, வாக்குக் கேட்டு வருபவரிடம் வேலை கேட்டுப் போவது இயல்பு. அந்த அலைக்கு ஓர் அணையாக ஆணைக்குழு நின்றது. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் அவ்வணையே தமிழருக்குச் சுவராயிற்று. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாமையாற் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட இலிகிதர் கோடீஸ்வரனின் வழக்கு 1969இலே இலண்டன் கோமறை மன்று வரை சென்றது. எந்த மொழியிலே வினாவப்படுகிறதென்பதே விடையை முன்கூட்டி எழுதிவிடும். ஆங்கிலத்திலே நேர்முகம் வைத்தபோது சிங்களக் கிராமத்து இளைஞனுக்கு நேர்ந்ததும் இதுவே.

நம் பக்கத்துத் தவற்றையும் சொல்லுதல் வேண்டும். 1958இலே பஸ் சேவையும் துறைமுகமும் தேசியமயமாயின. 1957இன் சட்டத்தின் வழி கைத்தொழிற் கூட்டுத்தாபனங்கள் பெருகின. இடதுசாரிகளாகிய நாம் கைதட்டி வரவேற்றோம், வரவேற்றது சரியே. ஆனால் இக்கூட்டுத்தாபனங்கள் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு வெளியே இருந்தன. முதலாளியிடமிருந்து பறித்த வாசலிலே யார் காவல் நிற்பதென்று நாம் கேட்கவில்லை. மந்திரியின் ஆள் நின்றான். வேலை கொடுப்பது தொழிலாளரின் ஆட்சியென்று எண்ணியிருந்த இடத்திலே, தொகுதிப் பிரதிநிதியின் துண்டு ஆட்சி செய்தது.

1960களின் இறுதியிலே தாய்மொழியிற் கற்ற பட்டதாரிகள் வேலையற்று நின்றனர். 1971 ஏப்பிரலிலே கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு டட்லி சீர்ஸ் தலைமையிலே வந்த சர்வதேச தொழில் நிறுவனக் குழு, கல்வி எழுப்பிய எதிர்பார்ப்புக்கும் கிடைத்த தொழிலுக்கும் இடையிலான பிளவை அறிக்கையாகத் தந்தது. 1972இன் அரசியலமைப்போ பழைய ஆணைக்குழுவை ஒழித்து, நியமன அதிகாரத்தை மந்திரிசபையிடம் கொடுத்தது. இடதுசாரிக் கட்சிகள் பங்குகொண்ட அரசாங்கமே இதைச் செய்தது. 1977இல் வந்த அரசாங்கம் துண்டைக் கைவிடவில்லை, அச்சடித்துக் கொடுத்தது. 'வேலை வங்கி' என்னும் பெயரிலே விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர் கையாற் பகிரப்பட்டன. படிவம் கிடைக்காதவன் விண்ணப்பிக்கவே முடியாது. இரண்டாவது கிளர்ச்சி இரத்தத்தில் அமிழ்ந்த பின், 1990இலே அறிக்கை தந்த இளைஞர் ஆணைக்குழு, அரசியற் தலையீட்டையும் அதிகாரத் துர்ப்பிரயோகத்தையும் இளைஞர் கொதிப்பின் முதன்மைக் காரணங்களாகக் கண்டது. பல்லாயிரம் பிள்ளைகள் இறந்த பின் எழுதப்பட்ட வாக்கியம் அது. பின்னர் 2001இன் 17ஆம் திருத்தம் ஆணைக்குழுவுக்கு உயிர் கொடுத்தது. 2010இன் திருத்தம் அவ்வுயிரை ஒடுக்கிற்று. 2015இலே மீண்டும், 2020இலே மறுபடியும் ஒடுக்கம், 2022இலே மீண்டும் உயிர். ஆட்சிகள் மாறுந்தோறும் கதவின் பூட்டு மாற்றப்படுகிறது.

இந்த வரலாற்றையெல்லாம் என் மாணவனிடம் சொல்லிப் பயனில்லை. அவனுக்கு வேண்டியது வேலை. ஆதலால் மறுநாளும் வரச் சொன்னேன். மேசையின் இப்பக்கம் நானும், என் நண்பராகிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் சபையினராக அமர்ந்தோம். தன்னைப் பற்றிச் சொல்லுமாறு கேட்டபோது, தகப்பனாரின் தொழிலைச் சொல்லாது தாண்டினான். தோட்டஞ் செய்கிறார் என்பதைச் சொல்லக் கூசினான். நிறுத்தி, அதையே முதலிற் சொல்லச் செய்தோம். கிணற்றிலிருந்து எத்தனை மணிக்கு இறைப்பு, புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் கணக்கு யார் எழுதுவது என்று கேட்கக் கேட்க, அவன் குரல் தெளிந்தது. வீட்டுக் கணக்கை எட்டு ஆண்டுகளாக எழுதி வருபவன் அவனே என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவன் விண்ணப்பித்ததோ கணக்குப் பிரிவுக்கு. தெரியாததைத் தெரியாதென்று சொல்லவும், கேள்வி விளங்காவிடின் மீண்டுங் கேட்கவும் பழக்கினோம். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இலே நிறைவேறியிருப்பதால், நேர்முகத்தின் பின் தன் புள்ளிகளைக் கேட்டு எழுதலாம் என்பதையும் சொன்னோம். அவன் அதைக் கேள்விப்பட்டதில்லை.

விண்ணப்பத்திலே, உறவினரல்லாத இருவரின் பெயரைக் குறிப்பிடுமாறு இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றிலே என் பெயரை எழுதியிருந்தான். மற்றதிலே, பிரமுகர் ஒருவரும் அகப்படாமையால், தங்கள் கிராமத்துச் சங்கக் கடை முகாமையாளரின் பெயரை எழுதியிருந்தான். பள்ளி விடுமுறைகளில் அக்கடையின் பேரேட்டை அவன் எழுதிக் கொடுத்ததை நேரிற் கண்டவர் அவர். நேர்முகம் வருகிற புதன்கிழமை. அதற்குமுன் இன்னும் இரண்டு மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.